நான்காவது ரிப்பன்

சுடரொளி சேவைச் சங்கத்தில் சேர்ந்த ஒருவருக்குப் பெயருக்கு முன்னால் 'சுடர்' என்ற பட்டம் ஒட்டிக்கொள்ளும். மரச்சாமான் கடை முதலாளி சேர்ந்தாலும் சுடர், பல் டாக்டர் சேர்ந்தாலும் சுடர். அவர்கள் வீட்டு அம்மாக்கள் துணைச்சுடர். செத்துப்போனவர் அணையாச் சுடர். தையல்காரிக்கு இந்த வரிசை முழுக்க மனப்பாடம். அத்தனை பேருக்கும் தோளில் குறுக்கே போட்டுக்கொள்ளும் பட்டுப்பட்டையைத் தைத்துக் கொடுப்பது அவள்தான். ஒரு சேவை செய்தால் அந்தப் பட்டையில் ஒரு ஜரிகை நட்சத்திரம் ஏறும். மரம் நட்டால் ஒன்று. அது பட்டுப்போய், அதே குழியில் மறுபடி நட்டால் இன்னொன்று.

சுடர்களில் பெரிய சுடர்கள் இரண்டு. ஒருவர் இப்போதைய எம்.எல்.ஏ. மற்றவர் போன ஆட்சியில் மந்திரியாக இருந்து, இப்போது மாஜியாக இருப்பவர். எம்.எல்.ஏ. கட்சிக்கு ஊதாக் கொடி, மாஜி மந்திரி கட்சிக்குக் கிளிப்பச்சைக் கொடி. வெளியே மைக் கிடைத்தால் ஒருவர் இன்னொருவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் போட்டு அலசுவார். சங்கத்து மண்டபத்துக்குள் வந்துவிட்டால் கட்டித் தழுவிக்கொள்வார்கள். ஏனென்றால் சங்கத்தின் முதல் விதி, மண்டபத்துக்குள் அரசியல் பேசக்கூடாது என்பது. மீறிப் பேசியவர் ஒரு மஞ்சள் குல்லாவை மாட்டிக்கொண்டு கூட்டம் முடியும்வரை சுவரோரமாக உட்கார வேண்டும். அந்தக் குல்லாவைத் தைத்ததும் தையல்காரிதான். தைத்து எட்டு வருஷமாகிறது, கசங்கக்கூட இல்லை. பாதிக்குப் பாதி அரசியல்வாதிகள் இருந்த சங்கத்தில் ஒருத்தர்கூட இதுவரை அரசியல் பேசியதில்லை.

தையல்காரியின் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஸ்டியரிங் பிடித்த கையில் ஊசி ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். வாரத்துக்கு மூன்று முறை செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே இயந்திரம், அதுவும் கிழடு. அதனால் அவருக்கு இரண்டு முறைதான் கிடைத்தது. அவருக்கு முந்தின முறை ஓய்வு பெற்ற வாத்தியாருடையது. வாத்தியார் எழுந்த படுக்கையில் இவர் படுப்பார். மூன்றாவது முறை கிடைக்காததால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்குவார். "நானும் அந்த மெஷினும் ஒரே வருஷத்து மாடல். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணிக்கறோம்" என்பார்.

அந்த நேரத்தில்தான் சங்கம் புது இயந்திரம் ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதாக அறிவித்தது. அறிவித்தது மட்டுமல்ல, இயந்திரமும் வந்து சேர்ந்தது. இதில் தையல்காரிக்கே ஆச்சரியம்தான். பக்கத்து அறையைக் காலி செய்து, கம்பெனி ஆள் வந்து தண்ணீர்க் குழாய் மாட்டி, ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. ரிப்பன்.

ரிப்பனுக்கான உத்தரவு செயலாளரிடமிருந்து வந்தது. மரச்சாமான் கடை முதலாளிதான் செயலாளர். ஐந்து மீட்டர், நல்ல பளபளப்பு, நடுவில் பூ முடிச்சு. வர்ணம் என்ன என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அலமாரியில் ஊதாப் பட்டு மீந்திருந்தது. அதிலேயே தைத்தாள். தைக்கும்போது ஊசி ஒவ்வொரு முறை இறங்கும்போதும், மூன்றாவது முறை, மூன்றாவது முறை என்று சொல்லிக்கொண்டே தைத்தாள். தானே கொண்டுபோய் இயந்திரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டும் வந்தாள்.

இயந்திர அறை நர்ஸ் நல்லவள். புது இயந்திரத்தில் எப்போது படுக்கலாம் என்று கேட்டதற்குப் பெரிய டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அர்ப்பணிக்காத பொருள் ஆஸ்பத்திரிப் பொருள் அல்ல. ஆஸ்பத்திரிப் பொருள் அல்லாத ஒன்றில் நோயாளியைப் படுக்க வைத்தால் முதலில் போவது நோயாளியின் உயிர் அல்ல, பெரிய டாக்டரின் வேலை. ஆகவே ரிப்பன் வெட்டும்வரை அது சும்மா நிற்கும்.

"எப்போ வெட்டறாங்களாம்?"

"வர்ற வியாழக்கிழமை அக்கா. ரெண்டு பெரிய சுடரும் சேர்ந்து வெட்டறாங்களாம்."

வியாழக்கிழமை சாமியானா போட்டார்கள், நாற்காலி போட்டார்கள், மாஜி மந்திரி வந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஊதா ரிப்பனைப் பார்த்தார். கண்ணைக் கசக்கினார். திரும்பிக் காரில் ஏறிப் போய்விட்டார்.

என்ன காரணம் என்று வந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும், சாமியானா கட்டியவருக்கும் தெரியும். ஆனால் சங்கத்து நிகழ்ச்சியில் அதைச் சொன்னால் அரசியல் ஆகிவிடும். செயலாளர் குறிப்பேட்டில் இப்படி எழுதினார்: 'சுடர் மாஜி மந்திரி அவர்களுக்குத் திடீர்க் கண்கூச்சம் ஏற்பட்டதால் விழா ஒத்திவைக்கப்படுகிறது. ரிப்பனின் பளபளப்பைக் குறைக்க ஆவன செய்யப்படும்.'

வீட்டுக்காரரிடம் அவள் வந்து சொன்னாள்.

"ஊதாவுலயா தைச்ச?"

"மீந்திருந்ததுங்க."

"உலகத்துல எத்தனை கலர் இருக்கு. உனக்கு மீந்ததுதான் மீந்துது, ஊதாவா மீந்திருக்கணும்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இரண்டாவது ரிப்பனுக்கு வர்ணத்தோடு உத்தரவு வந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சியாகக் கிளிப்பச்சை. மாஜி மந்திரியின் மனம் கோணாமலிருக்க செயலாளர் எடுத்த முடிவு அது. விழாவன்று மாஜி மந்திரி அரை மணி முன்னதாகவே வந்து ரிப்பன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். எம்.எல்.ஏ. வாசல்வரை வந்தார். வாசலில் அவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. எந்தக் கால் என்பதில் உதவியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததால், குறிப்பேட்டில் 'கால்கள்' என்று எழுதினார்கள்.

அந்த மாதம் கிழட்டு இயந்திரம் நாலு நாள் படுத்துக்கொண்டது. வீட்டுக்காரருக்கு ஒரு வாரத்தில் ஒரே முறைதான் கிடைத்தது. செருப்பு காலுக்குள் போகவில்லை. தையல்காரி செருப்பின் வாரைப் பிரித்து நீட்டித் தைத்தாள். தைத்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தாள்.

மறுநாள் காலை எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனாள். ஊதாச் சுவர், ஊதாத் திரை, வரிசை வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகு உள்ளே விட்டார்கள். எம்.எல்.ஏ. அவளை அடையாளம் தெரிந்துகொண்டு முகம் மலர்ந்தார், பட்டையில் நட்சத்திரம் வைக்க இடம் போதவில்லை, அகலமாகத் தைக்க முடியுமா என்று விசாரித்தார். அவள் முடியும் என்றாள். பிறகு இயந்திரத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் முகம் உடனே கடமை உணர்ச்சிக்கு மாறியது.

"அம்மா, இது அரசாங்க அலுவலகம். நீங்க சொல்றது சங்கத்து விஷயம். சேவை. நான் சேவையையும் அரசியலையும் கலக்கவே மாட்டேன். என் வாழ்க்கையில நான் காப்பாத்திட்டு வர்ற ஒரே கொள்கை அதுதான். நீங்க இதைச் சங்கத்துல வந்து சொல்லுங்க."

"சங்கத்துல யார்கிட்ட சொல்றதுங்க ஐயா?"

"என்கிட்டத்தான்."

சனிக்கிழமை மாலை சங்கத்துக்குப் போனாள். மண்டபத்துக்குள் அவள் அளவெடுக்க வந்திருக்கிறாளே தவிர, கூட்டம் நடக்கும்போது வந்ததில்லை. கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். தலைவர் மணி அடித்தார். செயலாளர் தலைவரை அறிமுகப்படுத்தினார். செயலாளரை அறிமுகப்படுத்த ஒருவர் எழுந்தார். அவரை யாரும் அறிமுகப்படுத்தவில்லை என்று வக்கீல் சுடர் ஒருவர் சுட்டிக்காட்டவே, அவரை அறிமுகப்படுத்த இன்னொருவர் எழுந்தார். எல்லோரும் எல்லோருக்கும் அறிமுகமாகி முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அத்தனை பேரும் இருபது வருஷமாக ஒருவருக்கொருவர் சம்பந்தி, பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர்கள்.

பிறகு, பொதுமக்கள் யாராவது பேச விரும்புகிறார்களா என்று கேட்டார்கள். அப்படிக் கேட்பது வழக்கம். பொதுமக்கள் யாரும் இருப்பது வழக்கமில்லை. தையல்காரி எழுந்து நின்றாள். தன் வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று முறை வேண்டும், இரண்டுதான் கிடைக்கிறது, பக்கத்து அறையில் ஒன்று ரிப்பனோடு நிற்கிறது, பெரிய டாக்டர் ரிப்பன் வெட்டாமல் தொடக்கூடாது என்கிறார், ஐயாமார் மனசு வைக்க வேண்டும் என்றாள்.

எம்.எல்.ஏ. வருத்தத்தோடு எழுந்தார். அலுவலகத்தில் பார்த்த அதே முகம்தான், அதன் கீழே இப்போது நட்சத்திரப் பட்டை.

"தலைவர் அவர்களே, அம்மா பேச்சில் ஆஸ்பத்திரி என்ற சொல் வருகிறது. ஆஸ்பத்திரி என்றால் அரசாங்கம். அரசாங்கம் என்றால் அரசியல். எனக்கு மனம் வலிக்கிறது. ஆனால் விதி விதிதான்."

மாஜி மந்திரி அதை வழிமொழிந்தார். பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன விஷயம் என்பதால் கைதட்டல் எழுந்தது. பல் டாக்டர் மஞ்சள் குல்லாவைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். எட்டு வருஷத்துக்கு முன் தைத்த குல்லா, அவள் தலைக்குச் சரியாகவே இருந்தது. காதோரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது. கூட்டம் முடியும்வரை சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது அவள் அந்த நூலையே நிரடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரி செய்து தரச் சொன்னார்கள்.

மூன்றாவது ரிப்பன் வெள்ளை. யாருக்கும் வேண்டியதும் இல்லாமல், யாருக்கும் பொல்லாததும் இல்லாமல் ஒரு நிறம் என்று தலைவர் யோசித்து எடுத்த முடிவு. இரண்டு பெரிய சுடர்களும் ஒரே நாளில் மறுத்துவிட்டார்கள். வெள்ளைக் கொடி பிடித்துச் சமாதானம் கேட்டு வந்ததாக ஆகிவிடும் என்று இருவருமே பயந்தார்கள். குறிப்பேட்டில், வெள்ளை சீக்கிரம் அழுக்காகும் என்று எழுதினார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்ததில் அது உண்மையாகவே அழுக்காகியும் விட்டது.

இதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. இயந்திரத்தின் மேல் தூசி படியாமலிருக்க ஒரு துணி உறை தைத்துத் தரச் சொன்னார்கள். தைத்துக் கொடுத்தாள்.

கடைசியில் 'ரிப்பன் ஆலோசனைக் குழு' ஒன்றை அமைத்தார்கள். செயலாளர், பல் டாக்டர், வக்கீல். மூவரும் தையல்காரியின் வீட்டுக்கே வந்தார்கள். பாதி ஊதா, பாதி கிளிப்பச்சை, இரண்டையும் நடுவில் இணைப்பது என்று தீர்மானம். அவள் அளந்து வெட்டினாள். பல் டாக்டர் பைக்குள்ளிருந்து சின்னக் கண்ணாடி எடுத்துப் பார்த்துப் பச்சை ஒரு நூல் அதிகம் என்றார். அதைக் கத்தரித்தாள். வக்கீல் இப்போது ஊதா அதிகம் என்றார். அதையும் கத்தரித்தாள். மூன்று முறை மாறி மாறிக் கத்தரித்த பிறகு, இப்படியே போனால் இயந்திரத்தைச் சுற்ற ரிப்பன் போதாது, மோதிரத்துக்குத்தான் ஆகும் என்று கட்டிலில் படுத்திருந்த வீட்டுக்காரர் சொன்னார். குழு அவரை அப்போதுதான் கவனித்தது. உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டு மீண்டும் அளக்கத் தொடங்கியது.

அளவு முடிந்ததும் இன்னொரு சிக்கல் முளைத்தது. இரண்டு துணியை இணைக்க வேண்டுமென்றால் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத்தான் தைக்க வேண்டும். எது மேலே, எது கீழே? மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அரசியல்.

"மேல ஒரு பெரிய பூ வெச்சு மறைச்சிடறேன் சார். எது மேல, எது கீழன்னு யாருக்கும் தெரியாது" என்றாள் தையல்காரி.

செயலாளருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு ஏனம்மா தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அவர்கள் போன பிறகு அவள் வெகுநேரம் இரண்டு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பித்தான் டப்பாவைத் திறந்தாள். குழந்தைகள் சட்டைக்கு வைப்பாளே, ஆண் பாதியும் பெண் பாதியுமாக, விரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஒட்டிக்கொண்டு இழுத்தால் விட்டுக்கொள்ளும் டிக் பட்டன், அதில் மூன்று ஜோடி எடுத்தாள். ஊதாவையும் பச்சையையும் தைக்காமல் பட்டன் வைத்து இணைத்தாள். மேலே வெள்ளைப் பூ. எட்டடி தள்ளி நின்று பார்த்தாலும், எட்டங்குலத்தில் பார்த்தாலும், ரிப்பன் ரிப்பனாகத்தான் இருந்தது.

கட்டுவதற்குப் போனபோது நர்ஸைக் கூப்பிட்டு, பூவைத் தூக்கி, திறந்து காட்டினாள். மூடிக் காட்டினாள்.

நர்ஸ் வராந்தாவைப் பார்த்தாள். கிழட்டு இயந்திர அறைக்கு வெளியே பெஞ்சில் ஆறு பேர் காத்திருந்தார்கள். வாத்தியார் பக்கத்திலிருப்பவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் ரவுண்ட்ஸ் முடிஞ்ச பிறகு ஒருத்தரை மட்டும் போடறேன்க்கா. வாயைத் திறக்கக் கூடாது."

அன்றிலிருந்து ஞாயிறு தவிர தினம் ஒருவர். ரிப்பனைக் கழற்றுவது, ஆளைப் படுக்க வைப்பது, நாலு மணி நேரம் ஓட்டுவது, துடைத்து உறை போட்டு ரிப்பனை மாட்டுவது. பெரிய டாக்டருக்கு அந்த வாரத்திலிருந்து ஒரு புது வழக்கம் வந்தது. அந்த வராந்தாப் பக்கம் வரும்போதெல்லாம் இருபதடி தூரத்திலேயே நின்று பலமாக இருமுவார். பதிலுக்கு உள்ளேயிருந்து நர்ஸ் இருமினால் திரும்பிப் போய்விடுவார்.

வீட்டுக்காரருக்கு மூன்றாவது முறை கிடைத்தது. இரண்டே வாரத்தில் வீக்கம் வடிந்தது. பழைய செருப்பு பெரிதாகிவிட்டது என்று வாரை மறுபடி சுருக்கித் தைக்கச் சொன்னார். ஒரு நாள் வாசல்வரை நடந்துபோய், தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்து, டிரைவருக்கு கியர் போடத் தெரியவில்லை என்று திட்டிவிட்டு வந்தார். அன்று முழுக்க அவளுக்குத் தையல் நேராகவே விழவில்லை.

ஒன்பது வாரம் இப்படிப் போயிற்று. பத்தாவது வாரம், இரண்டு பெரிய சுடர்களும் நான்காவது ரிப்பனுக்கு இணங்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

புது இயந்திர அறையின் கதவை அகலத் திறந்துவைத்து, அதன் முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் விழா நடந்தது. மைக் சத்தத்தால் நோயாளிகளுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று நோயாளிகளை வெளியேற்றிவிட்டார்கள். வாத்தியாரும் வீட்டுக்காரரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து கேட்டார்கள். அன்று சாயங்கால முறை வீட்டுக்காரருடையது. தையல்காரி கடைசி வரிசையில் இருந்தாள்.

எம்.எல்.ஏ. முதலில் பேசினார்.

"இந்த இயந்திரம் ஏழு மாதமாக இந்த அறையில் நிற்கிறது. ஒரு உயிருக்குக்கூடப் பயன்படாமல் நிற்கிறது. யாருக்காக? எங்களுக்காக! இயந்திரத்துக்கு இருக்கும் இந்தப் பொறுமை மக்களுக்கும் வர வேண்டும். சிலர் கேட்கிறார்கள், நீ எம்.எல்.ஏ. ஆயிற்றே, சட்டசபையில் பேசி அரசாங்கத்திடமே வாங்கித் தரலாமே என்று. நண்பர்களே, சட்டசபையில் பேசினால் எனக்கு நட்சத்திரம் கிடைக்குமா?"

கைதட்டினார்கள். மாஜி மந்திரி மைக்கைத் தன் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் மந்திரியாக இருந்தபோது இதே ஆஸ்பத்திரிக்கு நான்கு இயந்திரம் கேட்டு ஒரு கோப்பு வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன்? போட்டால் அது என் கடமை ஆகிவிடும். கடமையைச் செய்தவனுக்கு யார் மாலை போடுகிறார்கள்? சேவைக்கு ஒரு இடம் இருக்கட்டும் என்று நான் அன்று காலியாக விட்டுவைத்த அறையில்தான் இன்று இந்த இயந்திரம் நிற்கிறது. ஆகவே, இதற்கு முதல் விதை போட்டது நான்தான்."

அதற்கும் கைதட்டினார்கள். வெளியே வாத்தியார் மட்டும், நாலா, என்று ஒருமுறை கேட்டார்.

இரண்டு தட்டில் இரண்டு கத்தரிக்கோல். செயலாளர் ஒன்று, இரண்டு, மூன்று சொல்வார், மூன்றில் இருவரும் ஒரே நேரத்தில் அவரவர் நிறத்தை வெட்ட வேண்டும். இதற்கு முந்தின நாள் ஒத்திகையும் நடந்திருந்தது. செயலாளர் இரண்டு என்றபோது மாஜி மந்திரி, துணி விறைப்பாக இருந்தால் ஒரு நொடி முந்தி வெட்டலாம் என்று கணக்குப் போட்டுப் பச்சையைத் தன் பக்கம் மெல்ல இழுத்தார். அதைப் பார்த்துவிட்ட எம்.எல்.ஏ. ஊதாவைத் தன் பக்கம் இழுத்தார்.

டிக், டிக், டிக்.

ரிப்பன் இரண்டாகப் பிரிந்து தரையில் விழுந்தது. வெள்ளைப் பூ மாஜி மந்திரியின் செருப்பின் மேல் உட்கார்ந்தது. போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து அழுத்திவிட்டார். படத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் வெட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் கத்தரிக்கோலைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த மௌனத்தை நிரப்ப, மரியாதை செய்ய அழைத்திருந்த கம்பெனி ஆளை இயந்திரத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னார் தலைவர். அவர் உற்சாகமாக உறையை உருவி, திரையைத் தட்டி எழுப்பினார். மூலையில் தெரியும் எண் என்ன என்று எம்.எல்.ஏ. அக்கறையோடு கேட்டார்.

"அது இதுவரைக்கும் ஓடின மணி நேரம் சார். புது மெஷின்னா பூஜ்யத்துக்குப் பக்கத்துல..." கம்பெனி ஆள் குனிந்து பார்த்தார். "இருநூத்தி பதினாறு காட்டுதே."

எல்லோரும் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் இருமினார். நர்ஸ் தரையைப் பார்த்தாள். தையல்காரி எழுந்து நின்றாள்.

"பட்டன் வெச்சது நான்தான். தினம் ஒரு ஆள் படுத்தாங்க. யாருக்கும் ஒரு கெடுதலும் ஆகல. நல்லாத்தான் ஆச்சு."

நன்றாகத்தான் ஆயிற்று என்பதுதான் விஷயத்தைக் கெடுத்தது. வக்கீல் விதிப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, இருபத்தோராவது விதியை உரக்கப் படித்தார். சங்கம் அர்ப்பணிக்கும் பொருள் புதியதாகவும் ஒருவருக்கும் பயன்படாததாகவும் இருக்க வேண்டும். இந்த இயந்திரம் ஐம்பத்து நாலு முறை பயன்பட்டிருக்கிறது. பயன்பட்ட பொருளைச் சேவையாகக் கொடுப்பது சங்கத்தின் மானத்துக்கு இழுக்கு. இரண்டு பெரிய சுடர்களும் மறுபடி ஒரே குரலில் வழிமொழிந்தார்கள்.

நர்ஸ் மட்டும் ஒன்று கேட்டாள். "அப்போ அரசாங்கமே இதை எடுத்துக்கலாமே சார்?"

"இந்த மேடையில் அரசியல் வேண்டாம்" என்றார் எம்.எல்.ஏ. அன்பாக.

அன்று பிற்பகலே செயலாளர் கடையின் வேன் வந்தது. குழாயைக் கழற்றி, இயந்திரத்தைக் கட்டில்களும் பீரோக்களும் ஏற்றும் பலகை வழியாக ஏற்றினார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரில் இடிக்கப் போகிறான் என்று டிரைவருக்குக் கை காட்டி, வலது, வலது, நேர், என்று சொல்லி வண்டியைப் பத்திரமாக வெளியே அனுப்பி வைத்தார். பழக்க தோஷம். நர்ஸை அடுத்த வாரம் தொலைவில் ஏதோ ஊருக்கு மாற்றினார்கள். பெரிய டாக்டருக்கு இருமல் நின்றுவிட்டது.

ஒரு மாதம் கழித்து வாத்தியார் இறந்துபோனார். அதனால் அவருடைய முறைகளில் ஒன்று வீட்டுக்காரருக்கு வந்தது. புது நர்ஸ் அதை நல்ல செய்தியாகத்தான் வந்து சொன்னாள். அவர் அன்று போக மாட்டேன் என்றார். தையல்காரி செருப்பை எடுத்து வைத்தாள். கால் உள்ளே போகவில்லை. வெறுங்காலோடு போனார். பாதி வாரங்களில்தான் அந்த முறையும் நடந்தது, மீதி வாரங்களில் கிழட்டு இயந்திரம் படுத்துக்கொண்டது.

செயலாளர் வீடு தேடி வந்தது அதற்கப்புறம். இனிச் சங்கத்து வேலை கிடையாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். அவர் பையிலிருந்து நான்காவது ரிப்பனை எடுத்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஊதாவையும் பச்சையையும் மாட்டினார், இழுத்தார், மாட்டினார். முகத்தில் குழந்தைக் களை.

"செயற்குழுவுல காட்டினேன்மா. ரெண்டு பெரியவங்களும் அசந்துட்டாங்க. வெட்டினா ரிப்பன் போச்சு, ஒரே ஒரு தடவைதான் திறக்கலாம். இதுன்னா திறந்ததையே எத்தனை தடவை வேணும்னாலும் திறக்கலாம். காலையில அவர் வந்து திறக்கலாம், சாயங்காலம் இவர் வந்து திறக்கலாம். சண்டையே இல்ல. இருபத்தி நாலு வேணும். எல்லாக் கலர்லயும்."

"அந்த மெஷின் சார்?"

"கடை குடோன்ல பத்திரமா இருக்கு. அந்த எண்ணைப் பூஜ்யமாக்கித் தர்றேன்னு கம்பெனிக்காரன் சொல்லியிருக்கான். ஆக்கிட்டா மறுபடி புதுசு. அடுத்த வருஷத் தலைவர் வரட்டும், பார்க்கலாம்."

"இந்த இருபத்தி நாலும் எதையெல்லாம் திறக்கிறதுக்கு?"

"அதைப் பின்னாடி முடிவு பண்ணிக்கலாம்மா. முதல்ல ரிப்பன் தயாராகட்டும்."

அவள் தைத்தாள். வேறு என்ன செய்வாள். ஜன்னலோரம் மெஷின், மெஷினை ஒட்டிக் கட்டில். கட்டிலில் இரண்டு தலையணைக்கு மேல் மூன்றாவது வைத்து வீட்டுக்காரர் சாய்ந்திருந்தார். தைத்து முடித்ததை அவர் பக்கம் தள்ளுவாள், பட்டன் சரியாக விழுகிறதா என்று அவர் சோதித்துப் பார்த்து மடித்து வைப்பார். கட்டை விரல் வீங்கியிருந்ததால் இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது.

பதினேழாவது ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ரொம்ப நேரம் திறந்து மூடிக்கொண்டிருந்தார். என்ன, பட்டன் சரியில்லையா என்று கேட்டாள்.

"பட்டன் நல்லாத்தான் இருக்கு. ராத்திரி கடைசி டிரிப் ஓட்டின ஞாபகம் வந்துச்சு. ஒவ்வொரு ஸ்டாப்பா நிறுத்தறோம், கதவைத் திறக்கறோம், மூடறோம்." மறுபடி ஒருமுறை திறந்தார். "ஒருத்தரும் ஏறல."